வெள்ளிக்கிழமை நீங்கள் வர வேண்டாம், அண்ணன்

விக்கிரமசிங்கபுரம்,
ஆடி மாதம், செவ்வாய்க்கிழமை.

மரியாதைக்குரிய அண்ணன் செந்தூர்பாண்டி அவர்களுக்கும் மதினிக்கும் உங்கள் தங்கை இசக்கித்தாய் கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நாங்கள் சுகம் என்று எழுதினால் அது பொய். சுகமில்லை என்று எழுதினால் நீங்கள் கடையை மதினி தலையில் கட்டிவிட்டு அடுத்த பஸ்ஸில் வந்து இறங்கிவிடுவீர்கள். அதனால் இரண்டுக்கும் நடுவில் ஓர் இடத்தில் இருக்கிறோம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மலையில் சாரல் விழுகிறது. ஆற்றில் தண்ணீர் அவசரமில்லாமல் போகிறது. உங்கள் கடை வியாபாரம் மட்டும் அவசரமாக நடக்கட்டும்.

உங்கள் கடிதம் கிடைத்தது. வெள்ளிக்கிழமை வந்து பேச்சியைக் கூட்டிப்போய் திசையன்விளையில் விடுதியோடு உள்ள பள்ளிக்கூடத்தில் சேர்க்கப்போவதாகவும், பெட்டியைக் கட்டி வைக்கும்படியும் எழுதியிருந்தீர்கள். அண்ணன், நான் பெட்டியைக் கட்டவில்லை. வெள்ளிக்கிழமை நீங்கள் வர வேண்டாம். இந்த இடத்தில் கடிதத்தைக் கசக்கிவிடாமல் மேற்கொண்டு படியுங்கள். பேச்சி இப்போது படிக்கிறாள். பள்ளிக்கூடத்தில் இல்லை, ஆற்றங்கரையில் ஒரு மாந்தோப்பில். தனியாக இல்லை, என்னோடு சேர்ந்து படிக்கிறாள். ஆமாம், நானும் படிக்கிறேன். வாத்தியார் யார் என்று கேட்பீர்கள். வாத்தியார் கிடையாது. உங்கள் மீசை துடிப்பது எனக்கு இங்கேயிருந்து தெரிகிறது, அதனால் முதலில் இருந்து வருகிறேன்.

பங்குனியில் பேச்சியின் அப்பா மில்லில் மூணாம் ஷிப்ட் முடிந்து காலையில் வந்து, காபியைக் குடித்துவிட்டு, "கொஞ்சம் கண்ணசருதேன், யாரும் எழுப்பாதீங்க" என்று படுத்தவர்கள், எழுப்பினபோதும் எழுந்திருக்கவில்லை. நீங்கள் வந்து கூடவே நின்று எல்லாக் காரியமும் செய்தீர்கள், அதை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். ஆனால் நீங்கள் ஊருக்குப் போனபிறகு இந்த வீட்டில் இரண்டு காரியம் நின்றுபோனது. நான் தூங்குவது நின்றது. பேச்சி பள்ளிக்கூடம் போவது நின்றது. மில்லில் சங்கு ஊதினால் எழுந்து கதவைத் திறந்து பழகிப்போன உடம்பு எனக்கு. இப்போதும் சங்கு ஊதுகிறது, நானும் போய்க் கதவைத் திறக்கிறேன், வெளியே தெரு மட்டும் நிற்கிறது. பேச்சி தினமும் குளித்து, சீருடை போட்டு, ரிப்பன் கட்டி, சோறும் தின்றுவிட்டு, வாசல் நிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவாள். "ஏட்டி, எதுக்கு போவ மாட்டேங்க?" என்று கேட்டால் "சும்மா" என்பாள். பள்ளிக்கூடத்து டீச்சர் வந்து கேட்டார்கள், அவர்களுக்கும் "சும்மா"தான். பக்கத்து வீட்டு ஜெபராணி அக்கா தலையில் கைவைத்து ஜெபம் பண்ணினாள். நான் பாபநாசத்தில் மந்திரித்து ஒரு கயிறு கட்டினேன். இரண்டு சாமியும் மரியாதையாக "நீங்க முன்னாடி போங்க, நீங்க போங்க" என்று ஒதுங்கி நின்றுவிட்டார்கள் போல, பிள்ளை நிலையை விடவில்லை.

அப்படியிருக்க, ஒருநாள் நான் சுற்றின பீடிக் கட்டுகளை அம்பாசமுத்திரத்தில் கொடுத்துவிட்டு இரண்டுபேரும் பஸ்ஸில் திரும்பிக்கொண்டிருந்தோம். கண்டக்டர் வந்து, "ஏ தாயி, இன்னைக்குப் பள்ளிக்கூடம் உண்டும்லா? பிள்ளைய எங்கன கூட்டிட்டு அலையுதிய?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நல்லவேளை, எங்களுக்குப் பின்சீட்டிலும் ஒரு அம்மா இரண்டு பிள்ளைகளோடு இருந்தார்கள். கதர்ச் சேலை, கண்ணாடி. பிள்ளைகள் தலையில் எண்ணெய் பட்டு நாளாகியிருக்கும். அவர்களிடமும் அதே கேள்வியைக் கேட்டார். அந்த அம்மா சிரித்துக்கொண்டே, "எங்க குழந்தைகள் ஸ்கூலுக்குப் போறதில்லை. வீட்டிலேயே கத்துக்கறாங்க" என்றார்கள்.

"வீட்டுல படிக்கிற பிள்ளையள வீட்டுல வைங்கம்மா. பஸ்ஸுல எதுக்கு ஏத்துதிய?"

"பஸ்ஸும் ஒரு பாடந்தானே."

"அப்போ பாடத்துக்கும் டிக்கெட்டு உண்டு, எடுங்க" என்று கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த அம்மாவின் பெயர் பத்மப்ரியா. அவர்கள் வீட்டுக்காரர் சாய்கிருஷ்ணன், பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவர். அதை விட்டுவிட்டுக் கல்லிடைக்குறிச்சிக்கு வந்து, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் தாங்களே வைத்துப் படிப்பிக்கிறார்கள். அதே மாதிரி நினைப்புள்ள இன்னும் சில குடும்பங்கள் சேர்ந்து ஒரு தோப்பில் கூடுகிறார்களாம். "யார் வேணா வரலாம். ஒரே ஒரு நிபந்தனை. குழந்தையைத் தனியா விட்டுட்டுப் போகக் கூடாது, பெத்தவங்களும் கூடவே இருக்கணும்" என்றார்கள். பங்குனியிலிருந்து "சும்மா"வைத் தவிர வேறு பேசாத பேச்சி, சீட்டில் திரும்பி முட்டிபோட்டு நின்று, "நாங்க வரலாமா?" என்று கேட்டாள். அண்ணன், அந்தக் குரலைக் கேட்டிருந்தால் நீங்களும் சரி என்றுதான் சொல்லியிருப்பீர்கள்.

புதுப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போகிறோம், வெறுங்கையோடு போகலாமா? தாம்பாளத்தில் பச்சரிசி, வெல்லம், தேங்காய், பழம், வெற்றிலை எல்லாம் வைத்து, பேச்சிக்குச் சீருடையை இஸ்திரி போட்டு மாட்டிக் கூட்டிப்போனேன். தோப்புக்குள் நுழைந்தால் சாய்கிருஷ்ணன் சார் மண்ணில் குப்புறக் கிடக்கிறார். ஆள் அசையவில்லை. எனக்கு உயிரே போய்விட்டது. தாம்பாளத்தைப் போட்டுவிட்டு ஆற்றுக்கு ஓடி, கையில் தண்ணீர் அள்ளிவந்து அவர் பிடரியில் அடித்தேன். திடுக்கிட்டு எழுந்து உட்கார்ந்தவர் கோபப்படவில்லை. எறும்பு முட்டை கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். அன்றைக்கு அதுதான் பாடமாம். எறும்புகள் எல்லாம் தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தன. பிள்ளைகள் மாவிலையைக் கிள்ளிப்போட்டு ஒவ்வொன்றாய்க் கரையேற்றினார்கள். அதற்குள் மண்ணில் விழுந்த வெல்லத்தை மற்ற எறும்புகள் கண்டுபிடித்துவிட்டன. சாருக்கு ஒரே சந்தோஷம், பாடம் இரண்டாகிவிட்டது என்று. நான் தாம்பாளத்தைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர் யாருங்க? அவுக கையால பிள்ளைக்கு ஒரு எழுத்து எழுதிக் காட்டணும்" என்றேன். "இங்கே டீச்சர் கிடையாதும்மா. எல்லாரும் கத்துக்கறவங்கதான்" என்றார். இன்னும் ஆள் போடவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, "அதுக்கென்ன சார், வரும்போது வரட்டும்" என்று தேங்காயை உடைத்து எல்லோருக்கும் கொடுத்தேன்.

பிறகு வட்டமாக உட்காரச் சொன்னார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரையும் வீட்டில் உள்ளவர்கள் பெயரையும் சொல்ல வேண்டும், இப்போது இல்லாதவர்கள் இருந்தால் அவர்களையும் சொல்ல வேண்டும் என்றார்கள். என் முறை வந்தது. என் பெயரைச் சொன்னேன், பேச்சித்தாய் பெயரைச் சொன்னேன். "பேச்சியோட அப்பா?" என்றார்கள். நான் எப்படிச் சொல்வேன்? இருந்தபோதே சொன்னதில்லை. ரேஷன் கடையில்கூடப் பக்கத்தில் நிற்பவளைத்தான் சொல்லச் சொல்வேன். அதனால், "ஊருக்கு வெளியே, பிணம் எரிக்கிற இடத்துல ஒரு சாமி நிக்குமே, அருவாளும் கையுமா" என்று ஆரம்பித்தேன். அவர்களுக்குப் புரியவில்லை. ஆனால் எல்லோர் முகமும் மலர்ந்துவிட்டது.

"அய்யனார்?" என்றார் சார்.

"அவுக குளத்தங்கரையில்லா. இது வேற."

"முனீஸ்வரன்!" என்றது ஒரு பிள்ளை.

"கிட்ட வந்துட்டிய. அதுக்குப் பின்னாடி, பழனியில முருகன் என்ன கோலத்துல நிக்காரு, அதையும் சேர்த்துக்கிடணும்."

தோப்பே யோசித்தது. நான் வேர்த்துப்போய் உட்கார்ந்திருக்கிறேன். அப்போது பேச்சி எழுந்து, நான் பங்குனியிலிருந்து யார் வாயிலும் கேட்காத பெயரை, ஆற்றுக்கு அக்கரை வரைக்கும் கேட்கும்படி கத்தினாள். அந்தப் பெயருக்கு இங்கே இடம் விடுகிறேன், அவளே எழுதுவாள்: சுடலையாண்டி. அக்கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எனக்கு அழுகை வரவேண்டும், ஆனால் வந்தது சிரிப்பு. மலை ஒருதடவை அந்தப் பெயரைத் திருப்பிச் சொன்னமாதிரி இருந்தது. சொல்லியிருக்காது, நான் கேட்க ஆசைப்பட்டிருப்பேன்.

இதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பத்மப்ரியா அம்மா, "எவ்வளவு அழகான முறை! பிரிவைக்கூட விடுகதையாக்கி, பதிலைக் குழந்தை வாயால வரவழைச்சிட்டீங்களே" என்றார்கள். நான் ஒன்றையும் வரவழைக்கவில்லை, பெயரைச் சொல்ல முடியாமல் தவித்தேன், அவ்வளவுதான். மறுநாள் போனால் அத்தனை பிள்ளைகளும் சொந்த அப்பனை விடுகதை போட்டுத்தான் கூப்பிடுகின்றன. "மரத்தடியில படுத்திருப்பாரு, எறும்பு கடிச்சாலும் எந்திரிக்க மாட்டாரு, யாரு?" என்று சார் மகனே கேட்கிறான். சார் கைதட்டுகிறார்.

பீடிக் கதையையும் சொல்லிவிடுகிறேன், வேறு யாராவது சொல்லி உங்களுக்குத் தெரியக்கூடாது. அங்கே கைவேலை நேரம் என்று ஒன்று உண்டு. அவரவருக்குத் தெரிந்ததைச் செய்யலாம். எனக்குத் தெரிந்தது பீடி சுற்றுவது. வீட்டிலும் வேலை முடங்கிக் கிடக்கிறதே என்று சொளவையும் பீடி இலையையும் புகையிலைத் தூளையும் கொண்டுபோய், சொளவை மடியில் வைத்து உட்கார்ந்தேன். நிமிர்ந்து பார்த்தால் என்னைச் சுற்றி எல்லாப் பிள்ளையும். அவர்களைச் சுற்றி எல்லா அம்மாவும், முகம் வெளுத்துப்போய். கற்றுக்கொள்வதில் இது கூடும் இது கூடாது என்று இல்லை என்பது அவர்கள் கொள்கை, அதனால் வேண்டாம் என்று சொல்லவும் முடியவில்லை. சொல்லாமலும் இருக்க முடியவில்லை. கடைசியில் கூடிக்கூடிப் பேசி, இலையும் நூலும் இருக்கலாம், தூள் மட்டும் வேண்டாம் என்று முடிவு பண்ணினார்கள். தூள் இல்லாத பீடியை யார் வாங்குவார்கள்? இப்போது பிள்ளைகள் அதற்குள் துளசியும் வேப்பம்பூவும் வைத்துச் சுற்றி மரக்கிளையில் தொங்கவிடுகின்றன. காற்றடித்தால் தோப்பு முழுக்க ஒரு வாசம். பீடி வாசம் இல்லை. நன்றாகத்தான் இருக்கிறது.

இனிமேல் சொல்லப்போவதுதான் முக்கியம். மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னால் மௌன நேரம். யாரும் பேசக்கூடாது, கண்ணை மூடி உட்கார வேண்டும். நான் ஆற்றுப் பக்கம் சாய்ந்து நிற்கிற ஒரு மரத்தில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்தேன். தண்ணீர் கல்லில் பட்டு, யாரோ அடுத்த வீட்டில் மெதுவாகப் பேசுகிற மாதிரி ஒரு சத்தம். சாரல் இலைமேல் விழுந்து, இலையிலிருந்து கழுத்தில் ஒரு சொட்டு. அந்தச் சொட்டு முதுகில் இறங்குவதற்குள், பேச்சியின் அப்பா வந்துவிட்டார்கள். ஆற்றுமேலேயே சைக்கிளை மிதித்துக்கொண்டு வருகிறார்கள், சக்கரம் நனையவில்லை. தலையெல்லாம் மில் பஞ்சு. தட்டிவிடலாம் என்று கையை நீட்டினேன். பஞ்சு தானாகவே எழும்பிப் போய் மலைமேல் மேகமாக உட்கார்ந்துகொண்டது.

"என்னட்டி, இங்கன உக்காந்திருக்க?"

"பள்ளிக்கூடத்துல சேந்திருக்கேன்."

"நீயா? எத்தனாங் கிளாசு?"

"கிளாசெல்லாம் கிடையாதாம்."

"அப்போ பெயிலாக்க மாட்டானுவ. நல்ல பள்ளிக்கூடந்தான். பைய படி" என்று மணியை அடித்துக்கொண்டு வளைவில் திரும்பிப் போய்விட்டார்கள்.

கண்ணைத் திறந்தால், எல்லோரும் என்னைச் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். மௌனம் முடிந்து, சாப்பாடு முடிந்து, பாத்திரம் கழுவி, வெயில் மரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது. யாரும் என்னைத் தொடக்கூடாது என்று சார் தடுத்துவிட்டாராம். கங்கைகொண்டானில் கம்பெனி வேலை பார்க்கிற சிவசண்முகம் என்று ஒருவர், குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் கையைக் கட்டிக்கொண்டு, "அம்மா, இது எத்தனை வருஷத்துப் பயிற்சி?" என்று கேட்டார்.

"பயிற்சி ஒண்ணும் இல்லய்யா. பங்குனியில இருந்து உள்ள பாக்கி."

"பாக்கி!" என்று அந்த ஒரு சொல்லை வாய்க்குள் வைத்துச் சப்பினார். "பிறவிப் பாக்கியைச் சொல்றாங்க" என்று மனைவியிடம் மெதுவாகச் சொன்னார். நான், "இல்லய்யா, நான் தூங்கிட்டேன்" என்று உள்ளதைச் சொன்னேன். அதற்கு அவர், "அப்படிச் சொல்ல வாரதே பெரிய நிலைம்மா" என்று கண்கலங்கினார். அதற்குமேல் ஒரு மனுஷியால் என்ன செய்ய முடியும்? இப்போது மௌன நேரத்தில் அந்த மரத்தடிக்குப் போட்டி. எனக்கு மட்டும் இடம் போட்டு வைக்கிறார்கள். நான் தினமும் தூங்குகிறேன். அவர்கள் தினமும் கும்பிடுகிறார்கள். சிலநாள் பேச்சியின் அப்பா வருகிறார்கள், சிலநாள் வெறும் தண்ணீர்தான் வருகிறது. எதுவானாலும் எழுந்திருக்கும்போது பசிக்கிறது. அண்ணன், எனக்குப் பசித்து எத்தனை நாளாயிற்று தெரியுமா?

பிள்ளை என்ன படிக்கிறாள் என்று கேட்பீர்கள். உள்ளதைச் சொல்கிறேன், எனக்கே சரியாகத் தெரியவில்லை. மேகம் எந்தப் பக்கம் திரும்பினால் மழை என்கிறாள். சின்னப் பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுகிறாள். மீதி நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் சிரிக்கிறாள். வாசல் நிலையைப் பிடிப்பதில்லை, எனக்கு முன்னால் பஸ்ஸுக்கு ஓடுகிறாள். திசையன்விளைப் பள்ளிக்கூடம் பெரியதுதான், நீங்கள் என் நன்மைக்குத்தான் சொல்கிறீர்கள், அவளை உங்கள் பிள்ளைபோலப் பார்ப்பீர்கள், இதெல்லாம் எனக்குத் தெரியும். ஆனால் அவளும் போய்விட்டால், சங்கு ஊதும்போது இந்த வீட்டில் எழுந்திருக்க எனக்கு என்ன காரணம் இருக்கிறது? அவளை என்னிடமிருந்து கொண்டுபோகாதீர்கள். அதனால்தான் மறுபடியும் எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை நீங்கள் வர வேண்டாம். ஆத்திரம் இருந்தால் கடிதத்தில் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன்.

மதினிக்கு முட்டுவலி எப்படி இருக்கிறது? சாரலில் நனைய வேண்டாம் என்று சொல்லவும். அங்கே சாரல் இல்லை என்பது இப்போதுதான் ஞாபகம் வந்தது, வெயிலில் அலைய வேண்டாம் என்று சொல்லவும். உங்கள் குலம் தழைக்க இங்கேயிருந்து பாபநாசநாதரையும் உலகாம்பிகையையும் வேண்டிக்கொள்கிற,

உங்கள் தங்கை,
இசக்கித்தாய்.

பி.கு.: அண்ணன், கவரை ஒட்டுவதற்கு முன்னால், பிழை இருந்தால் திருத்துவாள் என்று கடிதத்தைப் பேச்சியிடம் வாசித்துக் காட்டினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "எம்மா, நான் பள்ளிக்கூடத்துக்குப் போறேன்" என்கிறாள். "இம்புட்டு நாளா எதுக்குடி போவல?" என்றேன். இந்தத் தடவை "சும்மா" என்று சொல்லவில்லை. "நான் பள்ளிக்கூடம் போயிருக்கையிலதான அப்பா தூங்கிட்டாவ. நான் போயிட்டு வாரதுக்குள்ள நீயும் அப்படித் தூங்கிட்டேன்னா? அந்தத் தோப்புன்னா நீ கூடவே இருப்ப, அதான் வந்தேன்" என்கிறாள். நான் மரத்தடியில் தூங்கும்போதெல்லாம் இவள் பக்கத்தில் உட்கார்ந்து, மூக்குக்கு நேரே விரலை வைத்து மூச்சு வருதா என்று பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அங்கே உள்ளவர்கள் இதையும் ஏதோ முத்திரை என்று நினைத்து, அவர்களுக்குள் ஒருவர் மூக்கில் ஒருவர் விரல் வைத்துப் பழகுகிறார்களாம். "இப்போ பயம் போயிட்டாட்டி?" என்று கேட்டேன். "நீ தினமும் எந்திரிச்சிருத. எந்திரிச்ச உடனே சோறு கேக்க" என்றாள்.

அதனால் வெள்ளிக்கிழமை கண்டிப்பாக வரவும். கூட்டிப்போக இல்லை, திசையன்விளைக்கு அவள் வரமாட்டாளாம். இங்கே பழைய பள்ளிக்கூடத்திலேயே திரும்பச் சேர்க்க வேண்டும். இத்தனை நாள் வராததற்குப் பெரிய டீச்சர் கோபமாக இருக்கிறார்கள், நீங்கள் மீசையோடு வந்து நின்றால்தான் நடக்கும். பி.கு.வுக்கு மேலே உள்ளதைப் படிக்க வேண்டாம், படித்திருந்தால் மறந்துவிடவும். தோப்புக்கு இனிமேல் எப்படிப் போவது என்றுதான் யோசனை. பிள்ளையோடு வருவதுதானே அங்கே நிபந்தனை, பிள்ளை இல்லாத தாய்க்கு என்ன வேலை என்று பேச்சியிடம் சொன்னேன். அவள் ஏற்கெனவே பத்மப்ரியா அம்மாவிடம் பேசிச் சம்மதம் வாங்கிவிட்டாளாம். "நீ அங்கன போயி நல்லாத் தூங்கும்மா. நான் படிச்சு முடிச்சு பஸ்ஸுல வந்து எழுப்புதேன்."